தலைவர் வண்டியை முந்தக் கூடாது

நம் பக்கத்தில் ஒரு மன்றம் தொடங்குவதற்கு அதிகம் பேர் வேண்டாம். தலைவராக ஒருவர், செயலாளராக ஒருவர், பொன்னாடை வாங்கி வர ஒருவர், அவ்வளவுதான். கள்ளக்குறிச்சியில் ‘கல்வராயன் அடிவார அதிவேக வாகன ஒப்பாய்வு மன்றம்’ தொடங்கியதும் இப்படித்தான். கச்சிராயபாளையத்தைத் தாண்டி, மலை கண்ணெதிரே நிற்கும் இடத்தில், மக்காச்சோளம் விளைந்துகொண்டிருந்த நிலத்தில் வளைத்து வளைத்து ஒரு பந்தயப் பாதை போட்டார்கள். பாதைக்கு முன்னால் ஒரு நுழைவு வளைவு. வளைவில் தலைவர் ஹெல்மெட் போட்டபடி ஒரு படம். அதில் முகம் தெரியவில்லை என்று யாரோ சொன்னதால், பக்கத்திலேயே ஹெல்மெட் இல்லாமல் இன்னொரு படம்.

தலைவர் சக்கரவர்த்திக்கு இரண்டு கல்யாண மண்டபமும் ஒரு ஜவ்வரிசி ஆலையும் உண்டு. அவரே தலைமை தாங்கிய ஒரு விழாவில் அவருக்கு ‘வேகச்செம்மல்’ பட்டமும் வழங்கப்பட்டிருந்தது. வேகச்செம்மலிடம் ஒரே ஒரு சிறு குறை. வண்டி நாற்பதைத் தாண்டினால் அவருக்குக் குமட்டும். ஐம்பதைத் தொட்டால் கண்ணையும் வாயையும் இறுக மூடிக்கொள்வார். வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்பதை அவருடைய பழைய டிரைவர்கள் சொல்வார்கள். அதனால் அவர் தன் பெரிய காரை வீட்டில் துணி போர்த்தி நிறுத்திவிட்டு, எங்கே போனாலும் ஆல்பர்ட்டின் வாடகைக் காரில்தான் போவார்.

ஆல்பர்ட்டின் வெள்ளை டீசல் காரில் கைக்குழந்தைகள் தூங்கிவிடும். பிரசவத்துக்குப் போகிறவர்களும், கண் ஆபரேஷன் முடிந்து வருகிறவர்களும், கல்யாணத்துக்கு முட்டை வாங்கப் போகிறவர்களும் அவரைத்தான் தேடுவார்கள். வெள்ளிமலை வளைவுகளில்கூட அவர் வண்டி ஆடாது. வேகமாக ஓட்டத் தெரியாது என்பதல்ல, இதுவரை யாரும் கேட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை ஆல்பர்ட்டுக்குத் தலைவரைவிடப் பெரிய காரியம் ஒன்று இருந்தது. மகள் அனிட்டாவைப் பெண் பார்க்கக் கள்ளக்குறிச்சி வீட்டுக்குத் திருக்கோவிலூரிலிருந்து வருகிறார்கள். பையனும் அனிட்டாவும் ஒரே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. ஒருவரை ஒருவர் பார்த்து, பிடித்து, முடிவும் செய்துவிட்டவர்கள். பாக்கி இருந்தது பையனின் அப்பா அந்தோணிதாஸ் மட்டும். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். வாழ்க்கையில் எதற்கும் தாமதமாகப் போனதில்லை, தாமதமாக வந்த யாரையும் மன்னித்ததுமில்லை.

போன மாதம் முதல் தடவை அவர்கள் வந்தபோது ஆல்பர்ட் வீட்டில் இல்லை. திருநாவலூர் கோயிலுக்குக் கூட்டிப் போன சவாரி தரிசனம் முடித்து வெளியே வர நேரமாகிவிட்டது. அந்தோணிதாஸ் சட்டைப் பையில் கண்ணாடியைச் செருகிக்கொண்டு எழுந்துவிட்டார். “பெத்த அப்பனுக்கே நேரம் இல்லாத வூட்டுல பொண்ணெடுத்து நாங்க இன்னா பண்ணப்போறோம்?” என்று கேட்டுவிட்டுப் போனார். பிறகு பையன் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்ததில் மனம் இரங்கி, இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார். “மூணு மணிக்கு வருவோம். நாங்க எறங்கறப்போ பொண்ணோட அப்பா வாசல்ல நிக்கணும். நிக்கலன்னா வண்டிய அப்படியே திருப்பிடுவோம்.”

இந்த நிலைமையில்தான் காலையில் தலைவர் போன் செய்தார்.

“இன்னிக்குக்கூட சவாரியா? உங்களுக்கு மனசாட்சி இருக்குதா?” என்று கேட்டாள் மார்கரெட். ரவையை வறுத்துக்கொண்டிருந்த கரண்டி அவள் கையிலேயே இருந்தது.

“தலைவரு கூப்புட்டா எப்படி முடியாதுன்றது? பதினோரு மணிக்கு விழா. காருங்க ஓடறத பாத்துட்டு பன்னண்டுக்குக் கெளம்பிடலாம்னாரு.”

“அவரு சொன்ன நேரத்துக்கு என்னிக்குக் கெளம்பியிருக்காரு?”

“அட, முன்னூறு கிலோமீட்டர் ஸ்பீடுல போற காருங்க மார்கரெட்டு. மூணே மூணு வண்டி. அதுங்க ஒரு சுத்து சுத்தி வர எம்மாம் நேரம் ஆவப்போவுது?”

ஆல்பர்ட் கணக்கில் தப்பில்லை. மன்றத்தைத்தான் அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

பந்தயப் பாதையின் ஓரத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். அதன் கீழே அந்த மூன்று கார்களும் நின்றன. சிவப்பு, சென்னை சுபாஷுடையது. மஞ்சள், புதுச்சேரி டாக்டர் நர்மதாவுடையது. நீலத்தின் சொந்தக்காரர் பெங்களூர்க்காரர், எதைச் சொன்னாலும் சிரித்துத் தலையாட்டுகிறவர். தொழிற்சாலையில் கொடுத்த வேகம் போதாதென்று, மூவரும் டர்போவை மாற்றி, என்ஜினின் கணினியைத் திருத்தி எழுதி, புகைக்குழாயைத் தடிமனாக்கி, ஒவ்வொரு வண்டியையும் எழுநூறு குதிரைத் திறனுக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். மூன்றில் எது வேகம் என்பதுதான் அன்றைய கேள்வி. அதற்கு மூன்றையும் ஓட்டிப் பார்த்தால் போதுமே என்று ஆல்பர்ட் நினைத்தார்.

முதலில் பூஜை. ஒவ்வொரு டயருக்குக் கீழும் ஓர் எலுமிச்சம்பழம் வைக்கப்பட்டது. முன்பக்கத்தில் காற்று உள்ளே போகும் ஓட்டைகள் எல்லாவற்றையும் சாமந்தி மாலையால் அடைத்தார்கள். பின்னால் இறக்கை மாதிரி நீட்டிக்கொண்டிருந்த பகுதியைப் பூசாரி சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தோரணம் கட்டுவதற்கென்றே வெள்ளைக்காரன் வசதி செய்து கொடுத்திருக்கிறான் என்று முடிவு கட்டி, மூன்றிலும் மாவிலை கட்டினார். கடைசியாகப் பெரிய பூசணிக்காய் ஒன்றைக் கற்பூரம் ஏற்றிச் சுற்றி, புறப்படும் கோட்டின் மேலேயே போட்டு உடைத்தார்கள்.

நர்மதா ஓடி வந்தார். “சார், அத மொதல்ல எடுக்கச் சொல்லுங்க. டயர் வழுக்கிடும்.”

செயலாளர் கண்ணாயிரம் பரிவோடு அவரைப் பார்த்தார். அரசு அலுவலகத்தில் கோப்புகளை ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு அனுப்பி அனுப்பியே ஓய்வு பெற்றவர் அவர். பேசும்போதும் கோப்பில் எழுதுகிற மாதிரிதான் பேசுவார்.

“திருஷ்டிப் பூசணியை உடனடியாக அகற்றுவது நடைமுறையில் இல்லை அம்மா. அகற்றினால் திருஷ்டி மீளத் திரும்புவதற்கு ஏதுவாகும். நாளை காலை ஆவன செய்யப்படும்.”

“போட்டி இன்னிக்குத்தானே?”

“வாகனங்கள் ஓரமாகச் செல்லலாம்.”

அடுத்து ஒப்பாய்வு. ஆல்பர்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியின் நுனிக்கு வந்தார். செயலாளர் மைக்கில் மதிப்பெண் முறையை விளக்கினார். நூறு மதிப்பெண். அதில் வேகத்துக்குப் பத்து. பாக்கி தொண்ணூறும் ஒழுக்கம், விருந்தோம்பல், சுமைதிறன், குடும்பப் பயன்பாடு, தலைவர் பால் கொண்ட மரியாதை ஆகியவற்றுக்கு.

சுமைதிறனைச் சோதிக்க ஒரு மூட்டை மரவள்ளிக்கிழங்கு வந்திறங்கியது. செயலாளர் சிவப்பு வண்டியின் பின்மூடியைத் திறக்கச் சொன்னார். சுபாஷ் திறந்தான். உள்ளே என்ஜின் இருந்தது.

“பொருள் வைக்க வேண்டிய இடத்தில் என்ஜின் வைக்கப்பட்டுள்ளது” என்று மைக்கில் அறிவித்துவிட்டு, செயலாளர் மதிப்பெண்ணைக் குறைத்தார்.

“சார், அந்த என்ஜினுக்காகத்தான் சார் வண்டியே” என்றான் சுபாஷ்.

“என்ஜின் இருக்க வேண்டியதுதான். யாரும் மறுக்கவில்லை. இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும்.”

மஞ்சள் வண்டியின் முன்மூடிக்குக் கீழே பொருள் வைக்க ஒரு பள்ளம் இருந்தது. அதில் கால் மூட்டை போனது. கூட்டம் கைதட்டியது. நர்மதா தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

குடும்பப் பயன்பாட்டுச் சோதனைக்கு மன்றத்தின் பொருளாளர் மாயவன் முன்வந்தார். நல்ல வாட்டசாட்டமான ஆள். நீல வண்டிக்குள் தலையை நுழைத்து, தோளை நுழைத்து, எப்படியோ உட்கார்ந்துவிட்டார். கும்பிட்டபடி போட்டோவும் எடுத்தாகிவிட்டது. எழுந்திருக்கத்தான் முடியவில்லை. நாலு பேர் கையைப் பிடித்து இழுத்தார்கள். பெங்களூர்க்காரர் சிரித்துத் தலையாட்டினார். மாயவன் வெளியே வரும்வரை நிகழ்ச்சி ஒத்திவைக்கப்படுவதாகச் செயலாளர் அறிவித்தார். வேட்டி உள்ளேயே தங்கிவிடாமல் அவர் வெளியே வந்ததற்கும் கைதட்டல் கிடைத்தது.

பன்னிரண்டு மணி எப்போதோ தாண்டியிருந்தது. ஆல்பர்ட் மேடைக்குப் பின்பக்கமாகப் போய்த் தலைவர் காதருகே குனிந்தார்.

“தலைவரே, வூட்டுல பொண்ணு பாக்க வராங்க. காலையிலேயே சொன்னனே.”

“தெரியும் ஆல்பர்ட்டு. உன் பொண்ணு என் பொண்ணு மாதிரி. நான் ரெண்டே வார்த்த பேசிட்டு வந்துடறன்.”

தலைவர் மைக்கைப் பிடித்தார். அவர் வாயைத் திறந்த நேரம் பார்த்து சுபாஷ் என்ஜினைச் சூடேற்றலாம் என்று முடுக்கினான். சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது. பந்தலில் கட்டியிருந்த வாழைமரம் சாய்ந்தது. செயலாளர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். உரை முடியும்வரை வாகனங்கள் அணைத்து வைக்கப்பட வேண்டும் என்று தீர்மானம் போடப்பட்டது.

“அன்புக்குரிய பெரியோர்களே!” என்று தொடங்கினார் தலைவர். “இந்த மன்றம் ஆரம்பிச்சு மூணு வருஷம் ஆவுது. இந்த மூணு வருஷத்துல நம்ம பாதையில ஒரு விபத்து நடந்திருக்குதா? ஒண்ணு கூட இல்ல! காரணம் இன்னா? ஒரு வண்டியக் கூட நாம ஓட விட்டதில்ல!”

பலத்த கைதட்டல்.

“ஜெர்மனிக்காரன் இன்னா பண்றான்? வண்டிய ஓட்டிப் பாத்து எது வேகம்னு கண்டுபிடிக்கறான். ஓட்டிப் பாத்தா யாரு வேணும்னாலும் கண்டுபிடிச்சிடலாமே! சின்னப் பையன் கூட சொல்லிடுவானே! ஓட்டாம கண்டுபிடிக்கணும்னாத்தான் ஒரு மன்றம் வேணும். என்னையக் கேக்கறாங்க, தலைவரே, உங்களுக்கு வேகம் புடிக்குமான்னு. வேகம் என் உயிரு. உயிர யாராவது செலவு பண்ணுவாங்களா? பத்திரமா வெச்சிக்கினு இருக்கறன்!”

இரண்டு வார்த்தை முடிய முக்கால் மணி நேரம் ஆனது. பிறகு பொன்னாடைகள். மூவருக்கும் போர்த்திய பிறகு கார்களுக்கும் போர்த்தினார்கள். பிறகு பிரியாணி. பெங்களூர்க்காரர் சைவம் என்பதால் அவருக்குத் தனியாகத் தயிர்ச்சாதம் வரும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். விருந்தோம்பலுக்கும் மதிப்பெண் உண்டல்லவா?

கை கழுவும்போது ஆல்பர்ட்டின் போன் அடித்தது.

“இன்னாங்க, எங்க இருக்கறீங்க? அவங்க திருக்கோவிலூர்ல வேன் ஏறிட்டாங்களாம். பையன் அனிட்டாவுக்கு மெசேஜ் போட்டிருக்கான்.”

“தோ, கெளம்பிட்டன்” என்றார் ஆல்பர்ட். ஈரக் கையோடு தலைவரைத் தேடி ஓடினார்.

தலைவர் எழுந்திருந்தார். ஆல்பர்ட்டின் கார் பக்கம்தான் வந்துகொண்டிருந்தார். ஆல்பர்ட்டுக்கு உயிர் வந்தது. ஆனால் காருக்கு யாரோ மாலை போட்டிருந்தார்கள். கண்ணாடியில் ‘முன்னோடி வாகனம்’ என்று காகிதம் ஒட்டியிருந்தது. தலைவர் கையில் பச்சைக் கொடி ஒன்று இருந்தது.

“ஒப்பாய்வின் வேகப் பகுதி இப்போது தொடங்குகிறது” என்று செயலாளர் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவிலிருந்து அறிவித்தார். “மன்றத் தலைவர் அவர்கள் முன்னோடி வாகனத்தில் முதல் சுற்று வருவார்கள். போட்டி வாகனங்கள் பின்தொடர வேண்டும். தலைவர் கையிலிருந்து பச்சைக் கொடி கீழே விழும்வரை தலைவர் வண்டியை எவரும் முந்தக் கூடாது. முந்துகிற வாகனம் தகுதி நீக்கம் செய்யப்படும்.”

“ஒரே சுத்து ஆல்பர்ட்டு. கொடிய போட்டுட்டு நேரா உன் வூட்டுக்குத்தான்” என்று சொல்லித் தலைவர் பின் இருக்கையில் சாய்ந்தார். “நாப்பதுக்குள்ள போ.”

போனார்கள். வெள்ளை டீசல் கார் முப்பத்தைந்தில் போனது. அதன் பின்னால் இரண்டாயிரத்து நூறு குதிரைகள் வரிசையாகத் தவழ்ந்தன. முதல் கியருக்கு மேல் போட வழியில்லாமல் சிவப்பு வண்டி விக்கி விக்கி வந்தது. மஞ்சள் வண்டிக்கு மாலை அடைத்த ஓட்டை வழியாகக் காற்றுப் போகாமல் ஆவி கிளம்பியது. ஒவ்வொரு வளைவிலும் கூட்டம் கையசைத்தது. தலைவரும் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கும்பிட்டுக்கொண்டே வந்தார். கும்பிட இரண்டு கையும் வேண்டியிருந்ததால் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

சுற்று முடிந்தது. செயலாளர் நேரத்தை அறிவித்தார். “மூன்று வாகனங்களும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்து சேர்ந்துள்ளன. உலக அளவில் இத்தகைய சமநிலை காணப்பட்டதில்லை.”

சுபாஷ் கண்ணாடியை இறக்கிக் கத்தினான். “சார்! கொடிய போடுங்க சார்!”

“தோ போடறன் தம்பி” என்றார் தலைவர். பிறகு ஆல்பர்ட்டின் தோளைத் தொட்டார். “போட்டோக்காரரு சாப்புட போயிட்டாராம். இன்னொரு சுத்து போயிடு.”

“தலைவரே, பொண்ணு பாக்க...”

“போவலாம், போவலாம். வூடு எங்க ஓடியா போவப்போவுது?”

இரண்டாவது சுற்றின் நடுவில் போன் அடித்தது. ஸ்பீக்கரில் மார்கரெட்டின் குரல் கார் முழுக்கக் கேட்டது. “எலவனாசூர்கோட்டை தாண்டிட்டாங்களாம்! இன்னா பண்ணிக்கினு இருக்கறீங்க?”

“கார் ரேஸ்ல இருக்கறன்” என்றார் ஆல்பர்ட்.

அந்தப் பக்கம் போன் கை மாறியது. பிறகு அனிட்டாவின் குரல் வந்தது. “அப்பா, நான் உன்னைய ஒண்ணும் சொல்லமாட்டன். நீ வந்துடுவன்னு எனக்குத் தெரியும்.” அழுதிருந்தாள் என்பது குரலிலேயே தெரிந்தது. திட்டியிருந்தால்கூட ஆல்பர்ட் தாங்கியிருப்பார்.

மூன்றாவது சுற்றையும் தலைவர் கேட்டார். போட்டோக்காரர் வந்துவிட்டார், ஆனால் வெயில் எதிர்ப்பக்கம் இருக்கிறதாம். வண்டி தெற்கு வளைவில் திரும்பும்போது வேலியில் ஒரு கதவு திறந்திருப்பதை ஆல்பர்ட் பார்த்தார். பிரியாணி அண்டாக்களை ஏற்றிக்கொண்டு ஒரு டெம்போ வெளியே போய்க்கொண்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் கள்ளக்குறிச்சி ரோடு.

போன் அடித்தது. “தியாகதுருகம் வந்துட்டாங்களாம்” என்றாள் மார்கரெட். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

ஆல்பர்ட் ஸ்டியரிங்கைத் திருப்பினார்.

“இன்னா ஆல்பர்ட்டு, பாத மாறுதே?”

“மன்னிச்சிக்குங்க தலைவரே. என் பொண்ணுக்கு நான் வாசல்ல நிக்கணும்.”

“நிறுத்து! தலைவர் சொல்றன், நிறு...” என்று தலைவர் ஆரம்பித்தார். அதற்குள் முள் ஐம்பதைத் தாண்டிவிட்டது. வேகச்செம்மல் கண்ணையும் வாயையும் இறுக மூடிக்கொண்டு, கொடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

பின்னால் வந்த மூவருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் கொடி விழவில்லை. முந்தினால் தகுதி நீக்கம், விட்டுவிட்டால் தோல்வி. சுபாஷ் திரும்பினான். நர்மதா திரும்பினார். பெங்களூர்க்காரர் தலையாட்டிக்கொண்டே திரும்பினார். செயலாளரின் ஆட்டோவும் பின்னாலேயே வந்தது. “ஒப்பாய்வு தற்போது பொதுச்சாலைக்கு விரிவுபடுத்தப்பட்டுள்ளது!” என்று கொஞ்ச தூரத்துக்கு அவர் குரல் கேட்டது, பிறகு கேட்கவில்லை.

ஆல்பர்ட் வாழ்நாளில் அப்படி ஓட்டியதில்லை. அப்படியொன்றும் பெரிய வேகம் இல்லை, எழுபதுதான். ஆனால் அந்த எழுபதையும் கைக்குழந்தை தூங்குகிற மாதிரிதான் ஓட்டினார், தலைவர் தூங்கவில்லை என்பது வேறு விஷயம். வழியில் இருந்த வேகத்தடைகளை அவர் வண்டி அலுங்காமல் தாண்டியது. பின்னால் வந்த மூன்றும் தரையோடு தரையாக இருப்பவை. ஒவ்வொரு தடையிலும் நின்று, கோணலாகத் திரும்பி, வயிறு உரசிவிடாமல் ஏறி இறங்கிவிட்டு, மறுபடி பாய்ந்து வந்து ஆல்பர்ட்டின் வால் பிடித்தன. கரும்பு லோடு ஏற்றிய டிராக்டர்காரர் ஒருவர் ஓரம் கட்டிவிட்டுக் கும்பிட்டார்.

கள்ளக்குறிச்சி நாலுமுனைச் சந்திப்பில் ஒரு போக்குவரத்துக் காவலர் நின்றிருந்தார். மாலை போட்ட வெள்ளைக் கார் வருகிறது. ஜன்னலில் கொடி. உள்ளே கண்ணை மூடிக்கொண்டு, கண்டிப்பான முகத்தோடு ஒரு பெரிய மனிதர். பின்னால் கோடிக்கணக்கில் விலை போகும் பாதுகாப்பு வண்டிகள். யாரோ மந்திரி, முன்தகவல் தராமல் வந்துவிட்டார் என்று அவர் முடிவு செய்ததில் குற்றம் சொல்ல முடியாது. விசிலை ஊதினார். நாலு பக்கத்தில் மூன்று பக்கத்தை அடைத்தார். ஆல்பர்ட்டுக்கு ஒரு சல்யூட் வைத்தார். தியாகதுருகம் பக்கமிருந்து முன்னால் வந்து நின்ற வேன் ஒன்றில், சட்டைப் பையில் கண்ணாடி செருகிய ஒருவர் கைக்கடிகாரத்தைக் காட்டி ஏதோ கத்தினார். காவலர் காதில் வாங்கவில்லை. ஆட்டோவில் ஒலிபெருக்கியோடு இன்னும் ஒருவர் வருகிறார் என்று யாரோ சொன்னதால், அவரும் போகட்டும் என்று நிறுத்தியே வைத்திருந்தார்.

ஆல்பர்ட் வீட்டு வாசலில் கார் நின்றதும் தலைவர் கதவைத் திறந்துகொண்டு குதித்தார். மார்கரெட் “வாங்கண்ணா” என்று சொல்வதற்குள் வீட்டுக்குப் பின்பக்கம் ஓடிவிட்டார். ஓடும்போது பச்சைக் கொடி தெருவில் விழுந்தது.

சுபாஷ் அதைப் பார்த்தான். நர்மதா பார்த்தார். பெங்களூர்க்காரர்கூடப் பார்த்தார்.

“கொடி விழுந்துடுச்சு” என்றார் நர்மதா. “ட்ராக்ல இப்போ ஒரு மன்றத்துக்காரர் கூட இருக்கமாட்டாங்க. வரீங்களா?”

மூன்று கார்களும் மாலையையும் மாவிலையையும் அவிழ்த்துப் போட்டுவிட்டு வந்த வழியே திரும்பின. அன்று மாலை வெளிச்சம் இருக்கும்வரை அந்தப் பாதையில் அவை மூன்றும் ஆசை தீர ஓடியதாகவும், மலைமேல் இருக்கிற ஊர்களுக்கெல்லாம் சத்தம் கேட்டதாகவும் பிறகு சொன்னார்கள். எது ஜெயித்தது என்பது மன்றத்தில் யாருக்கும் இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ளும் அக்கறையும் இல்லை.

ஆல்பர்ட் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சட்டை மாற்றக்கூட நேரமில்லாமல், வாசலில் வந்து நின்றார். அனிட்டா ஓடி வந்து அவர் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டு உள்ளே போனாள். தெருமுனையில் வேன் திரும்பியது.

முதலில் இறங்கியவர் அந்தோணிதாஸ். முகம் சிவந்திருந்தது. ஆல்பர்ட் வாசலில் நிற்பதைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் கூப்பினார்.

“நீங்க மன்னிக்கணும். நான் என் வாழ்நாள்ல லேட்டா வந்தவன் கெடையாது. எவனோ மந்திரி போறான்னு சந்திப்புல நிறுத்தி வெச்சிட்டாங்க. வெள்ளக் கார், மாலை வேற போட்டுக்கினு. அவனையெல்லாம்...” என்று சொல்லிக்கொண்டே வந்தவரின் பார்வை, வாசலில் நின்ற வெள்ளைக் காரில் விழுந்தது. மாலையில் விழுந்தது. ‘முன்னோடி வாகனம்’ என்ற காகிதத்தில் விழுந்தது.

பையன் தலையைக் குனிந்துகொண்டான். மார்கரெட் மனதுக்குள் புனித அந்தோணியாரைக் கூப்பிட்டாள்.

“இந்த வண்டியா?” என்றார் அந்தோணிதாஸ்.

அந்த நேரத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆல்பர்ட்டுக்குப் பொய்யை வேகமாக ஓட்டத் தெரியாது. “ஆமாங்க. நான்தாங்க. மூணு மணிக்கு வாசல்ல நிக்கணும்னு சொன்னீங்க. எனக்கு வேற வழி தெரியல. தலைவர வெச்சிக்கினே கெளம்பி வந்துட்டன். பின்னால வந்தவங்க தானா வந்தாங்க. போலீஸ்காரரு நிறுத்துவாருன்னு சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. கோவம் எம்மேல காட்டுங்க, புள்ளைங்க மேல வேணாம்.”

அப்போது ஆட்டோ வந்து சேர்ந்தது. சூழ்நிலை எதுவும் தெரியாமல் கண்ணாயிரம் முடிவுகளை வாசித்தார். “போட்டி வாகனங்கள் மூன்றும் சமம். கடைசிவரை எவராலும் முந்தப்படாமல் வந்தமைக்காக முதல் பரிசு முன்னோடி வாகனத்தின் ஓட்டுநர் திரு. ஆல்பர்ட் அவர்களுக்கு. வேகத்துக்கு இரண்டு. ஒழுக்கத்துக்குப் பத்துக்குப் பத்து!”

அந்தோணிதாஸ் ஆட்டோவைத் திரும்பிப் பார்த்தார். “நான் முப்பத்தஞ்சு வருஷத்துல ஒருத்தனுக்கும் ஒழுக்கத்துக்கு ஏழுக்கு மேல போட்டதில்ல” என்றார். பிறகு அவர் தோள்கள் குலுங்கத் தொடங்கின. அவர் அழுகிறார் என்று நினைத்து மார்கரெட் பதறினாள். சிரித்துக்கொண்டிருந்தார். தன் அப்பா சிரித்துப் பையனே அதுவரை பார்த்ததில்லை.

“பொண்ணுக்காக ஊரு போக்குவரத்தையே நிறுத்திட்டு வந்த ஆளு நீங்க. போன தடவ உங்கள விட்டுட்டுப் போனது என் தப்பு” என்று சொல்லி ஆல்பர்ட்டின் கையைப் பிடித்துக்கொண்டார். “வாங்க, உள்ள போயி தேதி பேசலாம்.”

உள்ளே தலைவர் முகம் கழுவி, எலுமிச்சைச் சாறு குடித்து, தெம்பாக உட்கார்ந்திருந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் எழுந்து தொண்டையைச் செருமினார். “அன்புக்குரிய பெரியோர்களே! திருமணத் தேதின்றது அவசரப்பட்டு எடுக்கற முடிவு இல்ல. இதுக்கு ஒரு துணைக்குழு அமைச்சு...”

“உக்காருங்க” என்றார் அந்தோணிதாஸ். தலைமையாசிரியர் குரல் அது. வேகச்செம்மல் உட்கார்ந்துவிட்டார்.

“கிறிஸ்துமஸ் முடிஞ்ச கையோட, தை மொத வாரம். சம்மதமா சம்பந்தி?”

“சம்மதங்க” என்றார் ஆல்பர்ட்.

மார்கரெட் கேசரித் தட்டைக் கொண்டு வருவதற்குள் எல்லாம் பேசி முடிந்துவிட்டது. அதிவேக வாகன ஒப்பாய்வு மன்றத்தின் தலைவரும் செயலாளரும் தங்கள் கண்ணால் பார்த்த முதல் வேகமான காரியம் அதுதான்.